பதினேழில் அனுமதி கொடுத்தது யார்

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஒண்ணை நிறுத்தறதுல இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு என்ன சந்தோஷமோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. ஜனவரியில ஒரு கடிதம் வந்துச்சு. "அன்பார்ந்த வாடிக்கையாளரே"ன்னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, இது நல்லதுக்கில்லன்னு. பத்தொன்பது வருஷமா நாங்க நம்பியிருந்த ஃபார்ஹேண்ட்ங்கிற சாஃப்ட்வேர், பிப்ரவரி இருபத்தொண்ணு வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணியோட நின்னுடும், அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிக்கோங்கன்னு ரெண்டே வரி.

ஃபார்ஹேண்ட் இல்லன்னா எங்க விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கனடாவுல, சஸ்காச்சுவான் மாகாணத்துல தெற்குப் பக்கம் நாப்பத்தோரு ஊர்ல எங்களுக்குத் தானியக் கோபுரம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் லாரிக்கு எடை போடற ஒரு தகர அறை, அதுக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர். அது மக்கர் பண்ணினா, பனியில நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கிட்டுப் போக யாரால ஆகும்? நான் ஆபீஸ்ல உக்காந்தபடியே அந்த ஸ்கிரீனை என் ஸ்கிரீன்ல கொண்டுவந்து, என் மவுஸாலயே அங்க இருக்கறதைச் சரி பண்ணிடுவேன். ஃபார்ஹேண்ட் செஞ்ச வேலை அதுதான்.

மூணு வாரம் மாத்து தேடி அலைஞ்சேன். ஒண்ணு எங்க பழைய கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. இன்னொண்ணு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் மனுஷிதானான்னு கேட்டு உயிரை வாங்குச்சு. கடைசியா ஒண்ணு தேறிச்சு. அதுலயும் ரெண்டு குறை. உபயோகிக்கிற ஒவ்வொருத்தர் பேருக்கும் தலைக்கு இவ்வளவுன்னு காசு. அப்புறம், முதல் தடவை உள்ள போறப்போ அந்தப் பக்கம் இருக்கறவர் தன் கையால 'அனுமதி'ன்னு ஒரு பொத்தானை அமுக்கணும். அமுக்கலைன்னா நான் இங்க தலைகீழா நின்னாலும் கதவு திறக்காது.

புதன்கிழமை காலையில எல்லா ஊருக்கும் ஒரே நேரத்துல புதுசை அனுப்பிவிட்டேன். எடைபோடற ஆளுங்க ஒவ்வொருத்தரா அமுக்கினாங்க. கிளென்னுக்கு மட்டும் பொத்தான் எங்க இருக்குன்னே தெரியல.

"கிளென், ஸ்கிரீன் நடுவுல பச்சையா பெருசா இருக்கு பாருங்க."

"இங்க எல்லாமே பச்சையாதான் இருக்கு. நீதானே போன மாசம் பச்சையா மாத்தினே."

இப்படி ஒரு மணி நேரம். எண்ணிப் பார்த்தா நாப்பத்தோரு அனுமதியும் வந்திருந்துச்சு. கையைத் தட்டிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சது, நாப்பதுதானே வரணும்.

பதினேழாம் நம்பர் கோபுரம் அக்டோபர்ல இருந்து பூட்டிக் கிடக்கு. பட்டியல்லேருந்து அதை எடுக்க மறந்து அதுக்கும் சேர்த்து அனுப்பிட்டேன். உள்ள தானியம் இன்னும் இருக்கறதால ஃபேன் ஓட்டறதுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் முழிச்சுக்கிட்டிருக்கு. ஆள் கிடையாது. ஆனா நான் அனுப்பின மூணாவது நொடியில அங்கேயிருந்து 'அனுமதிக்கப்பட்டது'ன்னு வந்திருக்கு. அன்னிக்கு எல்லாரையும் விட வேகமா அமுக்கினது பதினேழுதான்.

அங்கதான் அக்டோபர்ல ஒரெஸ்ட் செத்தான். எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவன், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவன். கோதுமை கொட்டி வைக்கிற ஒன்பதாம் தொட்டியில, தானியத்தோட சூடு பார்க்கிற கம்பி அறுந்துபோச்சுன்னு தனியா மேல ஏறினான். கால் வழுக்கி கோதுமைக்குள்ள புதைஞ்சுட்டான். ஆளை வெளிய எடுக்க ஆறு மணி நேரம் ஆச்சு. அதுக்கு மேல என்னைச் சொல்லச் சொல்லாதீங்க.

மேனேஜர் லைல் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் காபியைக் கீழ வைக்கல.

"ஏம்மா டார்லா, ஏதாவது எலி ஓடியிருக்கும்."

"எலி மவுஸைப் பிடிச்சு அமுக்குமா?"

"சாவி என் மேஜையில இருக்கு. பூட்டு பூட்டின மாதிரி இருக்கு. போய் வேலையைப் பாரு."

போய்ப் பார்த்தேன். பதினேழோட ஸ்கிரீன் வந்துச்சு. நடுவுல நோட்பேட் திறந்திருந்துச்சு, அதுல ஒரு எழுத்தும் இல்ல. அந்தத் தகர அறைகளுக்குள்ள செல்போன் எடுக்காது. அதனால நோட்பேட்லதான் பேசிக்குவோம். நான் ஒரு வரி அடிச்சா, அவங்க அதுக்குக் கீழ ஒரு வரி அடிப்பாங்க. ஒரெஸ்ட் ஆரம்பிச்சு வச்ச பழக்கம். அதனால நோட்பேட் திறந்திருந்தது பெரிய விஷயமில்ல. அவன் கடைசியா விட்டதுன்னு நினைச்சு மூடினேன். மூடின கையோட அது மறுபடி திறந்துச்சு. டக்குனு வெளிய வந்துட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் வெர்னா வந்தாங்க. ஒரெஸ்ட்டோட பெண்டாட்டி. கையில ஒரு டப்பா பெரோகி, உள்ள உருளைக்கிழங்கு வச்ச கொழுக்கட்டை மாதிரி, மேல வெங்காயம் வதக்கிப் போட்டது. ஆபீஸ் முழுக்க எட்டிப் பார்த்து ஆளுக்கு நாலு கொடுத்துட்டு, என் மேஜைக்கு வந்து நின்னாங்க. சாவுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவங்களைப் பார்க்கறேன். பாதியா இளைச்சிருந்தாங்க.

"ஏதோ பழசை நிறுத்தறாங்களாமே?"

"ஆமா, வெள்ளிக்கிழமையோட சரி."

"புதுசுல ஒரெஸ்ட் பேர் இருக்குமா?"

காலையிலேருந்து கிளென்கூட மல்லுக்கட்டினதுல எனக்கு மூக்கு மேல கோபம். எதுக்குக் கேக்கறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. "செத்தவங்க பேருக்கெல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு கட்ட முடியாது வெர்னா"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுமே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவங்க டப்பாவைத் துடைச்சு மூடிட்டு, லைல்கிட்ட சொல்லிக்கிட்டுப் போறேன்னு அவர் அறைப் பக்கம் போனாங்க. லைல் அப்போ வெளிய போயிருந்தார்.

எங்க தொழில்ல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆள் போனாலும் அவன் லாகினை மூட மாட்டோம். எது எது அவன் பேர்ல ஓடுதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. மூடினா எங்கயோ ஒரு ஃபேன் நிக்கும், தானியம் சூடேறும், அப்புறம் யார் பதில் சொல்றது? அதனால ஒரெஸ்ட் பேரை நான் தொடவே இல்ல. அவன் செத்து நாலு மாசம் ஆச்சு, எங்க சங்கத்துல அவன் இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்தான். வியாழக்கிழமை பழசை மூட்டை கட்டறதுக்கு முன்னாடி யார் யார் எங்கெங்க போயிருக்காங்கன்னு குறிப்பு எடுத்தேன். ஒரெஸ்ட் பேர் நவம்பர்ல இருந்து தினமும் இருந்துச்சு. தினமும் காலை ஒன்பது மணி, நாப்பது நிமிஷம், பதினேழாம் நம்பர்.

எங்கேயிருந்து வர்றான்னு தேடினேன். அவன் வீட்டு லேப்டாப். அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த நொடியே வெக்கமா இருந்துச்சு. வெர்னாதான் புருஷன் லேப்டாப்பைத் திறந்து, அவன் செத்த இடத்தைத் தினமும் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதைத்தான் நான் காசு கணக்குப் பேசிப் பிடுங்கியிருக்கேன். நாளைக்குக் காலையில அவங்க வர்றப்போ நானும் உள்ள போய் நோட்பேட்ல மன்னிப்புக் கேக்கணும்னு முடிவு பண்ணினேன். போன் பண்ணத் தைரியம் வரல.

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ புதுசு வழியா பதினேழுக்குள்ள போய் சும்மா காத்திருந்தேன். ஒன்பதுக்கு பழசு வழியா ஒரெஸ்ட் பேர்ல வெர்னா வந்தாங்க. அவங்க ஒரு எழுத்து அடிக்கறதுக்கு முன்னாடியே நோட்பேட்ல ஒரு வரி ஓடுச்சு.

'வெர்னா. சாப்பிட்டியா?'

'சாப்பிட்டேன். நீ?'

'குளிருது.'

நான் முதல்ல வெர்னா ரெண்டு பேராவும் தானே எழுதிக்கிறாங்கன்னு நினைச்சேன். துக்கம் மனுஷனை என்னென்னமோ பண்ணும். ஆனா ஸ்கிரீன் ஓரத்துல, பழசோ புதுசோ, வெளியிலேருந்து யார் யார் உள்ள வந்திருக்காங்கன்னு காட்டும். ரெண்டே பேர், நானும் ஒரெஸ்ட் லாகினும். வெர்னா எழுதறப்போ அந்த லாகின் பக்கத்துல ஒரு சின்ன விளக்கு மினுக்கும். இன்னொரு வரி ஓடறப்போ ரெண்டு விளக்கும் செத்துக் கிடந்துச்சு. அப்படின்னா அந்த வரியை வெளியிலேருந்து யாரும் அடிக்கல. பதினேழாம் நம்பர் அறைக்குள்ள, அந்த மேஜையிலயே ஒரு கை அடிக்குது.

'இன்னிக்குப் பன்னிரண்டோட முடிஞ்சுபோகும். அப்புறம் உன்னால வர முடியாது.'

'தெரியும்.'

'நேர்ல வந்து கூட்டிட்டுப் போ.'

'சாவி எடுத்துட்டேன். இதோ கிளம்பறேன்.'

ஓரத்துல ஒரெஸ்ட் பேர் மறைஞ்சுபோச்சு, வெர்னா கிளம்பிட்டாங்க. போனை எடுத்து அடிச்சேன், அடிச்சேன், எடுக்கல. லைல் அறைக்கு ஓடினேன். மேஜை இழுப்பறையில எல்லாச் சாவியும் இருந்துச்சு, பதினேழு மட்டும் இல்ல. லைல் மூஞ்சி வெளிறிப்போச்சு.

"எலின்னீங்களே"ன்னேன்.

"வாயை மூடு. அவ வீட்டுலேருந்து அங்க முப்பது கிலோமீட்டர். நமக்கு எழுபது."

"நீங்க போங்க. நான் ஸ்கிரீனை விட்டு எந்திரிக்க மாட்டேன். அங்க இருக்கறப்போ அவங்களைப் பிடிக்க இது ஒண்ணுதான் வழி."

மனுஷன் கோட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே ஓடினார். போற வழியில போலீஸுக்கும் சொன்னார். பக்கத்துல இருந்த போலீஸ் வண்டி ஒரு விபத்துல மாட்டியிருக்கு, வர ஒரு மணி நேரம் ஆகும்னுட்டாங்க. வெளிய மைனஸ் முப்பத்திரண்டு.

பதினேழுல எடைமேடை மேல ஒரு கேமரா இருக்கு. அதைத் திறந்து நோட்பேடுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். முதல் நாள் விழுந்த பனி அப்படியே கிடந்துச்சு. வாசல்ல ஒரு காலடி இல்ல, ஒரு டயர் தடம் இல்ல. உள்ள யாராவது ஒளிஞ்சிருந்தா வெளிய வந்த தடம் இருக்கணுமே. ஒண்ணும் இல்ல. அப்போதான் எனக்கு நிஜமா பயம் வந்துச்சு.

ஒன்பதே முக்காலுக்கு வெர்னாவோட நீல டிரக் வந்துச்சு. பனி ஆழமா இருந்ததால வாசல் வரைக்கும் வர முடியல. இறங்கி, முழங்கால் புதைய நடந்து, பூட்டோட ரொம்ப நேரம் போராடித் திறந்தாங்க. அப்புறம் கேமராவுல கதவு மட்டும்தான். நான் நோட்பேட்ல அடிச்சேன்.

'வெர்னா, நான் டார்லா. உடனே வெளிய வாங்க.'

கடைசி எழுத்து முடியறதுக்குள்ள முன்னாலேருந்து அழிய ஆரம்பிச்சுது. ஒவ்வொரு எழுத்தா, நிதானமா. நான் மறுபடி அடிச்சேன். மறுபடி அழிஞ்சுது. வேகமா அடிச்சா வேகமா அழிஞ்சுது. கொஞ்சம் நிறுத்தினா அதுவும் நிறுத்திட்டு, நான் என்ன பண்ணப்போறேன்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கப் பார்த்தேன். மவுஸ் அம்பு பாதி வழியில நின்னுபோச்சு. நான் இழுக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் யாரோ இழுக்கற மாதிரி நடுங்குச்சு. என் கையில அந்த இழுப்பு தெரிஞ்சுதுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, எனக்கென்ன.

அதுக்குள்ள வெர்னா உக்காந்துட்டாங்க போல. ஒரு வரி தட்டுத்தடுமாறி வந்துச்சு, கையுறை போட்டுக்கிட்டு அடிக்கற மாதிரி.

'வந்துட்டேன். எங்க இருக்கே?'

'மேல. ஒன்பதாம் தொட்டி. ஏணியில ஏறி வா, வெர்னா. மூடியைத் திறந்து வச்சிருக்கேன்.'

எனக்கு அழுகை வந்துடுச்சு. என் பேர்ல என்ன எழுதினாலும் அது விடாது. போலீஸ்னு எழுதினேன், லைல் வர்றார்னு எழுதினேன், எல்லாத்தையும் அழிச்சுது. வெர்னா அதையெல்லாம் பார்த்தாங்களோ இல்லையோ. 'சரி, வர்றேன்'னு ஒரு வரி போட்டாங்க. நாற்காலியை விட்டு எந்திரிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். வேற வழி தெரியாம, செய்யக்கூடாத ஒண்ணைச் செஞ்சேன். செத்தவன் பேரை எடுத்துக்கிட்டேன்.

'வெர்னா, நான் ஒரெஸ்ட். மேல வராதே. வீட்டுக்குப் போ, தயவுசெஞ்சு போ.'

விரலை எடுத்துட்டுப் பார்த்தேன். அழியல. எழுத்து விழற இடத்தைக் காட்டற கோடு மட்டும் வரி முடிவுல மினுக்கிக்கிட்டே நின்னுச்சு. ஏன் விட்டுச்சுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஒரெஸ்ட் பேரை அழிக்க அதால முடியலையோ, இல்ல வெர்னா திரும்ப மாட்டாங்கன்னு அவ்வளவு நிச்சயமா இருந்துச்சோ. ஒரு நிமிஷம் போச்சு. அஞ்சு நிமிஷம் போச்சு. கேமராவுல வெறும் கதவு. கும்பிடத் தெரிஞ்ச எல்லாரையும் கும்பிட்டேன்.

கதவு திறந்துச்சு. வெர்னா வந்த தடத்துலயே கால் வச்சுத் திரும்பி நடந்தாங்க. டிரக்ல ஏறினாங்க, ஆனா கிளப்பல. கண்ணாடி வழியா அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. லைல் போய்ச் சேர்ந்து, அவங்களைத் தன் வண்டிக்கு மாத்திட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினார்.

"நல்லா இருக்கா. ஒண்ணும் பேச மாட்டேங்கறா."

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

"போய்ப் பார்த்தேன். ஒருத்தனும் இல்ல. கீபோர்டு மேல உறைபனி படிஞ்சிருக்கு, டார்லா. அவ தட்டின எழுத்து மட்டும்தான் தேய்ஞ்சு தெரியுது. மத்த எழுத்தெல்லாம் வெள்ளையா அப்படியே இருக்கு."

"ஒன்பதாம் தொட்டி?"

"மூடி திறந்திருந்துச்சு. நான் மூடிட்டு வந்துட்டேன். இதைப் பத்தி இனிமே என்கிட்ட கேக்காதே."

பன்னிரண்டு மணிக்கு ஃபார்ஹேண்ட் நின்னுச்சு. ஒரு சத்தமும் இல்ல. பட்டியல்ல இருந்த பேரெல்லாம் சாம்பல் நிறத்துக்குப் போச்சு, ஒரெஸ்ட் பேரும் சேர்ந்து.

திங்கட்கிழமை சாயங்காலம் வெர்னா வீட்டுக்குப் போனேன். வாசல் கதவைத் தட்டினேன். அவங்க உள்ள இழுத்து உக்கார வச்சு டீ போட்டாங்க. நான் ஆரம்பிச்சேன். "அன்னிக்குக் கடைசியா எழுதினது..."

"நீதான்னு தெரியும்."

"எப்படி?"

"ஒரெஸ்ட் என்னை வெர்னான்னு கூப்பிட்டதே இல்ல. முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. 'ஏய் கிழவி'தான். கல்யாணத்தன்னிக்கே கிழவிதான்." லேசா சிரிச்சாங்க.

எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சுது. "அதுவும் உங்களை வெர்னான்னுதானே..."

"ஆமா. முதல் நாளே தெரியும், அது அவன் இல்லன்னு."

"தெரிஞ்சுமா நாலு மாசம் பேசினீங்க?"

"வேற யார் பேசினா? சாவுக்கு எல்லாரும் வந்தீங்க, சாண்ட்விச் சாப்பிட்டீங்க, போனீங்க. காலையில எந்திரிச்சா சாப்பிட்டியான்னு கேக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. யாரா இருந்தா எனக்கென்ன?" டீயை ஊதிக் குடிச்சாங்க. "உள்கதவு வழியா ஏணி வரைக்கும் போயிட்டேன். ஸ்கிரீன் வெளிச்சம் மாறினதைப் பார்த்துத் திரும்பி வந்தேன். நீ தயவுசெஞ்சுன்னு எழுதியிருந்தே. அது ஒரு நாளும் என்கிட்ட கெஞ்சினதில்ல. கெஞ்சறது உயிரோட இருக்கறவங்கதான்னு தோணுச்சு, திரும்பிட்டேன்."

நாலு மாசமா அவங்க நம்பர் என் போன்லதான் இருந்துச்சு. என்னைவிட அந்தச் சனியன் அவங்களை நல்லா விசாரிச்சிருக்கு. வெக்கத்துல காதெல்லாம் எரிஞ்சுது.

"பதினேழு இன்னும் ஓடுதா?"ன்னு கேட்டாங்க.

"தானியம் எடுக்கற வரைக்கும் ஓடித்தான் ஆகணும். புதுசுல இருக்கு."

"புதுசுல யார் யார் பேர் இருக்கு?"

"என் பேர் மட்டும்தான்."

வெர்னா டம்ளரைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. "உன் வீட்டுல யார் இருக்கா, டார்லா?"

"யாருமில்ல."

"அப்போ தினமும் ஒன்பதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணு. அதைத் திறக்கறதுக்கு முன்னாடி பண்ணு, புரியுதா?"

சரின்னு தலையாட்டினேன். அன்னிக்குக் காலையிலயே அது என் பேரை எழுதி, சாப்பிட்டியான்னு கேட்டிருந்ததை நான் சொல்லல. சாப்பிட்டேன்னு நான் பதில் எழுதினதையும் சொல்லல.